குமுதாவின் பொங்கலும் என் சிறுநீரகமும்

புரட்டாசி மூன்றாம் சனிக்கிழமைக்கு மறுநாள் காலை, படுக்கையிலிருந்து எழுந்து உட்கார முயன்றபோது கால்கள் எனக்குக் கட்டுப்படவில்லை. வலி இல்லை. மரத்துப்போகவும் இல்லை, போர்வையின் உரசல் தெரிந்தது, கிள்ளினால் நொந்தது. முழங்காலை மடக்க வேண்டும் என்ற எண்ணம் மட்டும் இடுப்போடு நின்றுவிட்டது. கணவரை அழைத்தேன். அவர் விளையாட்டென்று எண்ணி, “இன்னாமே, நேத்து மலை ஏறனதுக்கு இன்னிக்கு லீவா?” என்று கேட்டுக்கொண்டே வந்து என் கையைப் பிடித்துத் தூக்கினார். நான் மூட்டை போல அவர் தோளில் சரிந்தேன்.

அன்று முதல் ஆறு வாரங்களில் நிகழ்ந்தவற்றை எழுதிவைக்கிறேன். இத்தகைய நோய் வந்தவர்க்கு இது பயன்படலாம். ஆனால் நோயை மட்டும் எழுதினால் பாதியை மறைத்தவளாவேன். மருத்துவர்கள் இதற்குப் பெயர் கண்டறியும் முன்பே நான் இதற்கு ஒரு பெயர் வைத்திருந்தேன். அது என் ஓரகத்தியின் பெயர்.

குமுதா என் கணவருடைய தம்பியின் மனைவி. தம்பி இறந்து இரண்டாண்டு ஆகிறது. சித்தூரில் எங்கள் வீட்டின் கீழ்த்தளத்தில் அவள் இருந்தாள், மேல்தளத்தில் நாங்கள். அவளுக்குப் பிள்ளை இல்லை. வீடு இன்னும் மறைந்த மாமனார் பெயரிலேயே இருக்கிறது. கீழ்த்தளத்தைத் தன் பெயருக்கு எழுதித்தர வேண்டும் என்று ஆடி மாதத்தில் அவள் கேட்டாள். கணவர் இசையும் நிலையில் இருந்தார். பிள்ளையில்லாதவளுக்கு எழுதிவைத்தால் நாளை அது ஏர்பேட்டில் இருக்கும் அவளுடைய அண்ணன் பிள்ளைகளுக்குப் போய்விடும் என்று நான்தான் தடுத்தேன். அவள் காதில் விழும்படியாகவே சொன்னேன். குமுதா மறுமொழி கூறவில்லை. அதன் பிறகும் கீழிருந்து குழம்பும் பொரியலும் முன்போலவே மேலே வந்துகொண்டிருந்தன. எனக்கு அந்த அமைதிதான் உறுத்தியது. அவள் இடத்தில் நான் இருந்திருந்தால் ஒரு கரண்டி குழம்பும் அனுப்பியிருக்க மாட்டேன்.

அந்தச் சனிக்கிழமை நானும் கணவரும் அலிபிரியிலிருந்து படியேறித் திருமலைக்குச் சென்றோம். பகல் முழுவதும் நோன்பு. விளக்கு வைக்கும் நேரத்தில் சித்தூர் திரும்பியபோது, குமுதா சர்க்கரைப் பொங்கல் ஆக்கி வைத்திருந்தாள். நான் இரண்டு முறை வாங்கி உண்டேன். கணவருக்குச் சர்க்கரை நோய் இருப்பதால் அவர் தொடவில்லை. குமுதா தான் பிறகு உண்பதாகச் சொன்னாள். ஆக, என் கண் காண அந்தப் பொங்கலை உண்டவள் நான் ஒருத்தியே. இந்தச் சிறு செய்தி பின்னர் பெரிதாயிற்று.

ஞாயிறன்று என்னைச் சித்தூரிலேயே ஒரு தனியார் மருத்துவமனைக்கு எடுத்துச் சென்றார்கள். முதலில் வாதம் என்று அஞ்சித் தலையை ஸ்கேன் எடுத்தார்கள். அதில் ஒன்றும் இல்லை. பிறகு குருதிச் சோதனை. பொட்டாசியம் மூன்றரைக்குக் குறையாமல் இருக்க வேண்டும், எனக்கு 1.9 இருந்தது. தசை சுருங்கி விரிவதற்கும் நெஞ்சு சீராகத் துடிப்பதற்கும் தேவையான ஓர் உப்புப் பொருள் அது. குறைந்தால் தசை, கட்டளை கேட்டும் அசையாது. டிரிப் வழியே அதை ஏற்றினார்கள். மாலையில் கால்விரல் அசைந்தது. மறுநாள் சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தேன்.

நடந்த மகிழ்ச்சி அரைநாள்கூட நீடிக்கவில்லை. மருத்துவர் வந்து கட்டிலருகே நின்று, வாந்தி உண்டா, பேதி உண்டா என்று கேட்டார். எடை குறைக்கும் மாத்திரை எடுத்தேனா, நீர் பிரிவதற்கான மாத்திரை எடுத்தேனா, நாட்டு மருந்து ஏதேனும் உண்டா என்று வினாக்களை மாற்றி மாற்றி மூன்று முறை கேட்டார். இருபத்திரண்டு ஆண்டுகளாகத் தமிழ்வழிப் பிள்ளைகளுக்கு இலக்கணம் சொல்லித்தரும் என்னை, பார்த்து எழுதிவிட்டு மறுக்கும் மாணவியைப் போல அவர் பார்த்தார். நான் எதையோ மறைப்பதாக அவர் எண்ணினார். அவருக்குக் காரணம் தெரியவில்லை, அதை அவர் மறைக்கிறார் என்று நான் எண்ணினேன். மூன்றாம் நாள், உவர்ப்பும் கசப்பும் கலந்த ஒரு பொட்டாசியம் டானிக்கைத் தந்து வீட்டுக்கு அனுப்பினார். பொட்டாசியம் ஏன் இறங்கியது என்று கேட்டதற்கு, சிலருக்கு அப்படி ஆகும் என்றார். அது விடை அன்று. விடை இல்லாத அந்த இடத்தில் என் நாத்தனார் வந்து அமர்ந்தார்.

நாத்தனார் என் கணவரின் அக்காள், பாகாலாவில் வாழ்க்கைப்பட்டவர். நோயாளியைப் பார்க்க ஆரஞ்சுப் பழத்தோடு வந்தவர், பழத்தை உரித்துக்கொண்டே, கால் செயலற்றதற்கு முதல்நாள் என்ன உண்டேன் என்று கேட்டார். பொங்கல் என்றேன்.

“யாரு வெச்சது?”

“குமுதா.”

“அவ துன்னாளா?”

தான் பிறகு உண்பதாகச் சொன்னாள் என்றேன்.

நாத்தனார் சுளையைத் தட்டில் வைத்தார். “மதி, நீ படிச்சவ. நான் சொன்னா சிரிப்ப. ஆனா சொல்லாம போனா எனக்குத் தூக்கம் வராது. இது சீக்கு இல்ல. மருந்து. உனக்குச் சோத்துல வெச்சிக்கிறாங்க.”

எங்கள் பக்கத்தில் இப்படி ஒரு நம்பிக்கை உண்டு. மனத்தில் பகை வைத்திருப்பவர் உணவில் எதையோ கலந்து கொடுத்தால், அது வயிற்றில் ஒட்டிக்கொண்டு ஆளை உருக்கிவிடும் என்பார்கள். தெலுங்கு பேசுவோர் அதை மந்து என்பர். அதை வெளியே எடுப்பதையே தொழிலாகக் கொண்டவர்களும் இருக்கிறார்கள். நான் இதை நம்புகிறவள் அல்லேன் என்று நாத்தனாரிடம் தெளிவாகச் சொன்னேன். மறுநாள் கீழிருந்து வந்த முருங்கைக்கீரைப் பொரியலைக் கழிநீர்க்காலில் கொட்டினேன். கிண்ணத்தைக் கழுவித் துடைத்து, சுவையாக இருந்ததாகச் சொல்லி அனுப்பினேன். மூன்று நாட்கள் இவ்வாறு செய்தேன். ஒருவர்மேல் ஐயம் கொள்வதற்கு நம்பிக்கை வேண்டியதில்லை என்பதை அப்போது அறிந்தேன். அதற்கு ஒரு பழைய குற்றவுணர்வு போதும். அவளுக்கு நான் தீங்கு செய்திருந்தேன். ஆகவே அவள் எனக்குத் தீங்கு செய்வது முறை என்று என் உள்ளம் கணக்கிட்டுவிட்டது.

அந்த வார இறுதியில் நாத்தனார் என்னை வடமாலபேட்டைக்கு அப்பால் ஒரு சிற்றூருக்கு அழைத்துச் சென்றார். கணவர் முதலில் மறுத்தார். பிறகு, போய்த்தான் பார்ப்போமே என்று வண்டி ஏற்பாடு செய்தார். குடிசையும் வேப்பிலையுமாக இருக்கும் என்று எதிர்பார்த்த எனக்கு ஏமாற்றம். தரையில் டைல்ஸ் பதித்த வீடு, நெகிழி நாற்காலிகள், டோக்கன். எங்களுக்கு முன் பதினோரு பேர் இருந்தார்கள். மருந்து எடுப்பவர் சட்டைப்பையில் இரண்டு கைபேசிகள் வைத்திருந்தார். என் வயிற்றை அழுத்திப் பார்த்தார். பச்சிலைச் சாறு ஒரு குவளை கொடுத்தார். நான் ஐந்தாறு முறை வாந்தி எடுத்தேன். கடைசி முறை அவர் கை என் வாயருகே வந்து சென்றது. பிறகு வாழையிலையில் மயிர் சுற்றிய கரிய கட்டி ஒன்றைக் காட்டினார்.

“இன்னாமா, பாத்துக்கினியா? உன் காலுக்குக் கீழ குடியிருக்கிற பொம்பள குடுத்தது.”

அவர் விரலிடுக்கில் அந்தக் கட்டி முன்னரே இருந்ததை நான் கண்டேன். கண்டதை நாத்தனாரிடம் சொல்லவில்லை. ஒன்பது நாள் பத்தியம் என்றார். அந்த நாட்களில் ஆங்கில மருந்து கூடாது என்றார். வீட்டுக்கு வந்ததும் டானிக்கை நிறுத்தினேன். கையின் தந்திரத்தைக் கண்டுகொண்டவள் வாயின் கட்டளைக்கு ஏன் பணிந்தேன் என்று பின்னர் பல முறை என்னையே கேட்டிருக்கிறேன். கட்டி பொய் என்பது எனக்குத் தெரியும். குமுதா குற்றவாளி என்பது மட்டும் மெய்யாக இருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும். அவள் அப்படிப்பட்டவள் என்றால், ஆடி மாதத்தில் நான் பேசிய பேச்சும் நேர்மையாகிவிடும் அல்லவா.

நாத்தனார் அன்றே தெருவாயிலில் நின்று, குமுதாவின் முகத்துக்கு நேரே எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். கழிநீர்க்காலில் தன் பொரியல் கிடந்ததைக் குமுதா முன்பே பார்த்திருந்தாளாம். அவள் அழவும் இல்லை, சண்டையிடவும் இல்லை. ஒரு பையை எடுத்துக்கொண்டு ஏர்பேட்டுக்குப் புறப்பட்டாள். நான் மாடியிலிருந்து பார்த்தேன். இறங்கவில்லை.

பத்தியத்தின் நான்காம் நாள் முற்பகல், தலைவாரும்போது சீப்பு கையிலிருந்து நழுவியது. எடுக்கக் குனிந்தேன்; நிமிர முடியவில்லை. அரைமணி நேரத்தில் கைகளும் கழுத்தும் போயின. இம்முறை மூச்சும் மேலோட்டமாக ஆயிற்று. கணவர் ஆம்புலன்ஸில் என் தலையைத் தம் மடியில் தாங்கிக்கொண்டு திருப்பதிக்குக் கொண்டுவந்தார். கடை மூடப்படாமல் திறந்தே கிடக்கிறது என்று வழியில் யாரிடமோ கைபேசியில் சொன்னார். மோட்டார்களுக்குச் செம்புக்கம்பி சுற்றும் கடை அவருடையது. அதைத் திறந்துபோட்டுவிட்டு அவர் வந்தார் என்பதிலிருந்து என் நிலையை அறிந்துகொண்டேன்.

திருப்பதியில் அது பெரிய மருத்துவமனை. அவசரப் பிரிவில் ஒரு மருத்துவர், ஒரே மூச்சில் எண்ணச் சொன்னார். ஒன்பதில் மூச்சு முடிந்தது. மார்பில் கம்பிகளை ஒட்டினார்கள். திரையில் ஓடிய கோட்டைப் பார்த்து இருவர் தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டார்கள். எனக்குக் கேட்கக் கூடாது என்பதற்காகத்தான் என்று எண்ணினேன். பொட்டாசியத்தை விரைந்து ஏற்றினால் நெஞ்சு நின்றுவிடுமாம், மெல்ல ஏற்றினார்கள். நரம்பில் மிளகாயைக் கரைத்து விட்டது போல எரிந்தது. ஒவ்வொரு பாட்டிலையும் மாற்றும்போது அதன்மேல் எழுதியிருப்பதைப் படித்துக்காட்டச் சொன்னேன். செவிலிப் பெண் சலிக்காமல் படித்துக்காட்டினாள். கையைத் தூக்க முடியாதவளுக்கு ஐயுறுவதைத் தவிர வேறு வேலையும் இல்லை.

மறுநாள் சிறுநீரகப் பிரிவிலிருந்து ஒரு பெண் மருத்துவர் வந்தார். முப்பது வயதுக்கு மேல் இராது. தெலுங்கர், தமிழ் நன்றாகப் புரியும், பேசவும் முயல்வார். என் பழைய அறிக்கைகளை ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு, இடையில் வாந்தி எடுத்தீர்களா, ஏதேனும் குடித்தீர்களா என்று கேட்டார். இல்லை என்றேன். கணவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். மருத்துவர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். “நிஜம் செப்பண்டம்மா” என்று மெல்லச் சொன்னார். உண்மையைச் சொல்லச் சொல்கிறார். மீண்டும் இல்லை என்றேன். இலக்கணம் கற்பிக்கும் ஒருத்தி பச்சிலை குடித்து மயிர்க்கட்டி கக்கினாள் என்று எப்படிச் சொல்வது?

அவர் என்னை நம்பவில்லை. ஆனால் சித்தூர் மருத்துவரைப் போல என்னை மட்டும் ஐயுற்று நிற்கவில்லை. என் உறுப்புகளையும் ஐயுற்றார். அதுதான் என்னைக் காப்பாற்றியது. என் குருதியில் அமிலம் கூடியிருப்பதைக் கண்டார். அப்படியானால் சிறுநீரில் அமிலம் மிகுந்திருக்க வேண்டும். ஏனெனில் மிகுதியான அமிலத்தை வெளியேற்றுவது சிறுநீரகத்தின் கடமை. என் சிறுநீரில் தோய்த்த தாளோ வேறு நிறம் காட்டியது. அங்கே அமிலம் போதிய அளவு இல்லை. ஒரு முறை பொட்டாசியம் இறங்கினால் தற்செயல், இரு முறை இறங்கினால் எங்கோ கசிகிறது என்று அவர் சொன்னார். கசிவு சிறுநீரகத்தில் என்பது உறுதியாயிற்று. ஏன் என்பதுதான் தெரியவில்லை. காரணம் தெரியாமல் அனுப்பினால் மூன்றாம் முறை வருவதற்குள் மூச்சு நின்றுவிடக்கூடும் என்று கணவரைத் தனியே அழைத்துச் சொல்லியிருக்கிறார்.

கணவர் அதை எனக்குச் சொல்லவில்லை. குமுதாவுக்குக் கைபேசியில் சொன்னார்.

மூன்றாம் நாள் காலை, மருத்துவர் என் கட்டிலருகே நின்றிருந்தபோது குமுதா வந்தாள். கையில் ஒன்றும் கொண்டுவரவில்லை. வெறுங்கையோடு நோயாளியைப் பார்க்க வருகிற வழக்கம் எங்களிடம் இல்லை. ஏன் கொண்டுவரவில்லை என்பது அறையில் மூவருக்குத் தெரியும். மருத்துவர் கணவரிடம் வாந்தியைப் பற்றி நான்காம் முறையாகக் கேட்டுக்கொண்டிருந்தார்.

“வாந்தி இல்லன்னா சொன்னாங்க?” என்று கேட்டாள் குமுதா. குரல் உயரவில்லை. “டாக்டரம்மா, இவங்கள வடமாலபேட்டைக்கு அந்தாண்ட இட்டுகினு போயி, பச்சிலை குடுத்து வாந்தி எடுக்க வெச்சாங்க. சித்தூர்ல குடுத்த டானிக்கயும் நிறுத்திட்டாங்க. நான் சோத்துல மருந்து வெச்சிட்டேனாம். அத எடுக்கறதுக்கு.”

மருத்துவர் என்னைப் பார்த்தார். ஆம் என்பது போல நான் கண்களை மூடித் திறந்தேன். அவர் கடிந்துகொள்ளவில்லை, எழுதத் தொடங்கினார். இம்முறை நோய் இவ்வளவு கடுமையாக வந்ததற்குக் காரணம் கிடைத்துவிட்டது. வாந்தியும் பொட்டாசியத்தை இறக்கும்; டானிக்கையும் நிறுத்தியாயிற்று. குமுதா அத்துடன் போயிருக்கலாம். போகவில்லை.

“இவங்க மனசு எனக்குத் தெரியும் டாக்டரம்மா. என் வூட்டுக்காரரு பொணத்துகிட்டதான் நின்னுகினு இருந்தாங்க. தெருவே அழுதுச்சி. இவங்க கண்ணுல ஒரு சொட்டு வரல. ஒரு சொட்டு. நான் அன்னிக்கே தெரிஞ்சிகினேன்.”

மருத்துவரின் பேனா நின்றது.

“ஒரு சொட்டுகூட இல்லையா?” என்று கேட்டார். குமுதாவிடம் அல்ல, என்னிடம். அவர் குரலில் பழி இல்லை, ஆவல் இருந்தது.

நான் எண்ணிப் பார்த்தேன். அன்று என் கண்கள் எரிந்தன. மணல் விழுந்தது போல உறுத்தின. நீர் வரவில்லை. கொழுந்தன் எனக்குத் தம்பி போன்றவன். நெஞ்சு அடைத்தது, கண் மட்டும் வறண்டு நின்றது. அதை யாரிடம் சொல்வது? என் கல்நெஞ்சுக்கு அதுவே சான்று என்று நானும்தான் முடிவு செய்திருந்தேன்.

வாய் உலர்கிறதா என்று மருத்துவர் கேட்டார். எனக்கு முன் குமுதா விடை சொன்னாள். “ஒரு வா சோத்துக்கு ஒரு வா தண்ணி. பிஸ்கட்ட தண்ணில நனச்சிதான் துன்னுவாங்க. மூணு பல்லு போயிடுச்சி.” குற்றப்பட்டியல் படிப்பது போலவே அதையும் படித்தாள். ஆனால் என்னை அவ்வளவு கவனித்திருந்தவள் அவள் ஒருத்திதான். வகுப்பில் நான் மேசைமேல் தண்ணீர்ப் புட்டியில்லாமல் பாடம் நடத்தியதில்லை. அதை என் கணவர்கூடப் பழக்கம் என்றே எண்ணியிருந்தார்.

குமுதா போன பிறகு சோதனைகள் மாறின. கீழிமைக்குள் ஒரு மெல்லிய தாளின் முனையை மடித்து வைத்து, ஐந்து நிமிடம் கண்ணை மூடச் சொன்னார்கள். கண்ணீர் தாளில் எவ்வளவு தூரம் ஊறுகிறது என்று அளப்பது அந்தச் சோதனை. என் தாள் ஏறத்தாழ உலர்ந்தபடியே வெளியே வந்தது. கீழுதட்டின் உட்புறத்தில் ஊசியால் மரக்கச்செய்து, அரிசி நொய்யளவு உமிழ்நீர்ச் சுரப்பிகளை வெட்டியெடுத்து ஆய்வுக்கு அனுப்பினார்கள். வயிற்று ஸ்கேனில் இரு சிறுநீரகங்களிலும் மணல் தூவியது போலச் சுண்ணாம்புப் புள்ளிகள் தெரிந்தன. குருதியில் எதிர்ப்பொருள் இருக்கிறதா என்று பார்த்தார்கள். ஆறு நாள் காத்திருந்தோம். புற்றுநோயாக இருந்து எல்லாரும் சேர்ந்து மறைக்கிறார்கள் என்ற முடிவுக்கு நான் நான்காம் நாளே வந்துவிட்டேன். கணவர் கீழே உணவகத்திலிருந்து வாங்கிவரும் இட்டிலியைத் தண்ணீரில் நனைத்து நனைத்து ஊட்டினார். அதுவரை அவர் எனக்கு ஊட்டியதில்லை.

வந்த பெயர் ஷோகிரன் நோய். மருத்துவர் நாற்காலியை இழுத்துப் போட்டு அமர்ந்து விளக்கியதை, நான் விளங்கிக்கொண்டவாறு எழுதுகிறேன்.

நோய்க்கிருமி உள்ளே நுழைந்தால் அதை அடையாளம் கண்டு ஒட்டிக்கொள்வதற்காக உடல் ஒருவகைப் புரதத்தை உருவாக்குகிறது. அதுவே எதிர்ப்பொருள். சிலர்க்கு இந்தக் காவல் முறைமை பிழைபட்டு, தம் உடலின் உறுப்புகளையே அயலாகக் கருதிவிடுகிறது. இந்த நோயில் முதலில் கெடுவன கண்ணீர்ச் சுரப்பியும் உமிழ்நீர்ச் சுரப்பியும். வெகு சிலர்க்கு அது சிறுநீரகத்தையும் தொடுகிறது.

சிறுநீரகம் முதலில் குருதியை வடிகட்டுகிறது. வடிந்த நீர் மயிரினும் மெல்லிய நுண்குழாய்களில் ஓடும்போது, உடலுக்கு வேண்டியவை திரும்ப உள்ளே எடுக்கப்படுகின்றன. வேண்டாதவை வெளியே தள்ளப்படுகின்றன. உணவிலிருந்து நாள்தோறும் உண்டாகும் அமிலத்தைத் தள்ளுவது, அக்குழாய்களின் கடைப்பகுதியில் உள்ள சில உயிரணுக்களின் பொறுப்பு. அவற்றின் சுவரில் அமிலத்தை இறைக்கும் நுண்ணிய பம்புகள் இருக்கின்றன. எனக்கு வடிகட்டி பழுதின்றி இருந்தது, பம்புகள் நின்றுவிட்டன. அமிலம் உள்ளே தங்கியது; அது போகவேண்டிய வழியில் பொட்டாசியம் கசிந்து வெளியேறியது. தங்கிய அமிலம் எலும்பின் சுண்ணாம்பைக் கரைத்துச் சிறுநீரகத்தில் படியவைத்தது.

கணவர் இதைக் கேட்டு முதன்முறையாக நிமிர்ந்து அமர்ந்தார். “அப்போ மோட்டாரு நல்லாத்தான் கீது, பம்புதான் தண்ணி தள்ளல. அப்படித்தான மேடம்?” ஏறத்தாழ அப்படித்தான் என்றார் மருத்துவர்.

எதிர்ப்பொருள் நேரே அந்தப் பம்பின்மேல் ஒட்டி அதை நிறுத்துகிறதா, அல்லது குழாயைச் சுற்றிக் குழுமும் வெள்ளணுக்கள் அதைக் கெடுக்கின்றனவா என்று நான் கேட்டேன். இரண்டுக்கும் சான்று உண்டு, என் உடலில் நிகழ்ந்தது எது என்று தம்மால் உறுதியாகச் சொல்ல இயலாது என்றார். அத்தனை நாட்களில் நான் முழுமையாக நம்பிய முதல் விடை அது. தெரியாததைத் தெரியாது என்று சொன்னவர் அவர் ஒருவரே.

பிறகு பொங்கலைப் பற்றிக் கேட்டேன். கேட்டே ஆகவேண்டியிருந்தது. அவர் சிரிக்காமல் விடை சொன்னார். பொட்டாசியம் ஏற்கெனவே குறைந்திருந்த உடல், பகலெல்லாம் பட்டினி, ஆயிரக்கணக்கான படி ஏறிய களைப்பு. அதன்மேல் அரிசியும் வெல்லமும் வயிறு நிறைய. இனிப்பைச் செரிக்க உடல் சுரக்கும் இன்சுலின், குருதியில் எஞ்சியிருந்த பொட்டாசியத்தையும் உயிரணுக்களுக்குள் தள்ளிவிடும். பிறகு ஓய்ந்து படுத்தால், எழும்போது கால் வராது. எனவே பொங்கலுக்கு இதில் பங்கு உண்டு. அதை யார் ஆக்கினார் என்பதற்குப் பங்கு இல்லை. நானே ஆக்கி உண்டிருந்தாலும் இதுவே நடந்திருக்கும்.

காவல் முறைமை தன் வீட்டாரையே ஐயுற்றுக் கெடுத்தது என்ற ஒப்புமை எனக்கும் தோன்றாமல் இல்லை. அதைச் சொல்லித் தப்பித்துக்கொள்ள விரும்பவில்லை. எதிர்ப்பொருளுக்கு மனம் கிடையாது; எனக்கு உண்டு.

பதினாறாம் நாள் நடந்தே வெளியே வந்தேன். அமிலத்தை முறிக்கும் மருந்தும் பொட்டாசியமும் நாள்தோறும் வேண்டும், வாழ்நாள் முழுவதும் வேண்டியிருக்கலாம். காவல் முறைமையைத் தணிக்க ஒரு மாத்திரை. அது நாட்பட்டால் கண்ணின் உள்திரையைத் தாக்கக்கூடும் என்பதால் ஆண்டுதோறும் கண் சோதனை. கண்ணில் விட ஒரு சொட்டு மருந்து. ஒவ்வொன்றின் உறையிலும் உள்ள தாளை நான் இன்றும் பூதக்கண்ணாடி வைத்துப் படிக்கிறேன். நாத்தனாரோ, வடமாலபேட்டைக்காரர் கட்டியை எடுத்ததனால்தான் திருப்பதி மருந்து வேலை செய்தது என்கிறார். அவரோடு நான் வழக்காடுவதில்லை.

ஐப்பசி முடிவதற்குள் ஒரு ஞாயிறு நானும் கணவரும் ஏர்பேட்டுக்குச் சென்றோம். கீழ்த்தளத்தைக் குமுதாவுக்கு எழுதித்தரும் பத்திரத்தின் நகலைக் கணவர் எடுத்துக்கொண்டார். காலையில் கண்ணில் விட வேண்டிய மருந்தை நான் அன்று விடவில்லை. அவள் முன்னால் கண் பளபளத்தால், அது அழுகையா சொட்டு மருந்தா என்று அவள் எண்ண வேண்டியிருக்கும். இன்னொரு ஐயத்தை அவளுக்குக் கொடுக்க எனக்கு விருப்பமில்லை. ஏர்பேடு சேர்வதற்குள் இமைகள் உப்புத்தாள் போல உரசின.

அவளுடைய அண்ணன் வீட்டில் எல்லாரும் கழனிக்குப் போயிருந்தார்கள். குமுதா எங்களை உட்காரச் சொன்னாள். கணவர் பத்திரத்தை நீட்டினார். அவள் அதைப் பிரிக்காமல் தொலைக்காட்சிப் பெட்டியின்மேல் வைத்தாள்.

வழியெல்லாம் அடுக்கிவைத்திருந்த சொற்கள் எனக்கு வரவில்லை. “குமுதா, நான் உன்ன தப்பா நினச்சிட்டேன். தப்பு என்னுது” என்று மட்டும் சொன்னேன்.

அவள் என் கண்களைப் பார்த்தாள். நெடுநேரம் பார்த்தாள். “கண்ணுக்குள்ள தாளு வெச்சிப் பாத்தாங்களாம், நனையவே இல்லன்னு மாமா சொன்னாரு. ரெண்டு வருசமா நானும் உங்கள தப்பாத்தான் நெனச்சிகினு இருந்தேன்.”

வீட்டுக்கு வந்துவிடு என்றேன்.

“வரேன். எங்க போவப் போறேன். ஆனா இனிமே உங்களுக்கு ஆக்கி அனுப்ப மாட்டேன்க்கா. பயமா கீது. நாளைக்கி உங்களுக்குத் தலைவலி வந்தாகூட என் மூஞ்சத்தான் பாப்பாங்க.”

பார்க்க மாட்டார்கள் என்று சொல்ல வாயெடுத்தேன். யாருக்காக அந்த உறுதியைத் தருவது? நாத்தனாருக்காகவா, எனக்காகவா?

உச்சிப்பொழுதாகிவிட்டது, உண்ணாமல் அனுப்ப அவளால் இயலவில்லை. கேழ்வரகுக் களியும் கீரைக் கடைசலும் இருந்தன. தட்டைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள். கேளாமலே ஒரு பெரிய சொம்பு நிறையத் தண்ணீரும் வைத்தாள். நான் கையை நீட்டினேன். “இருங்க” என்றாள். எதிரே மண்டியிட்டு அமர்ந்து, என் தட்டிலிருந்து களியைக் கிள்ளி, கீரையில் தோய்த்து வாயிலிட்டாள். விழுங்கினாள். இன்னும் ஒரு வாய் எடுத்தாள். அதையும் விழுங்கிவிட்டு, இரு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டு, நான் பார்க்கும்படி சற்று நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

பிறகு தட்டை என் பக்கம் தள்ளினாள்.

“இப்போ துன்னுங்கக்கா.”